ஒரு கடை, ஒரு பண்டம்: மலேசியாவின் ஒட்டுக்கடைகள்



குழுக் கடன் வாங்கி இட்லிக்கடை, பணியாரக்கடை போட்டவங்க நம்மில் பலர் உண்டு. இதே தொழில் மலேசியாவின் சிறு ஊர்களில் எப்படி நடக்குதுன்னு இந்த மாதம் தெரிஞ்சுக்குவோம்.

பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் என்றொரு ஊர். 1885-ல் கட்டிய சாய்ந்த கோபுரம் அங்கே இருக்கிறது. தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வாரிசுகளும், மலாய்க்காரர்களும், சீனர்களும் சேர்ந்து வாழும் ஊர். தெருவோர உணவுக் கடையை அங்குள்ள தமிழர்கள் ‘ஒட்டுக்கடை’ என்பார்கள்.

என்ன விற்கிறார்கள்?

காலையில் நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, அதோடு மிளகாய் சம்பல், பொரித்த நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, முட்டை. வாழை இலையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். நம்ம இடியாப்பம்தான் அங்கே ‘புட்டு மாயாம்’. தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தொட்டுச் சாப்பிடுவார்கள். சீனர்களின் ‘சீ சொங் பன்’ அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் சுருட்டுவது. காய்ந்த இறால் சேர்த்துச் செய்யும் தெலுக் இந்தான் வகைக்குத் தனிப் பெயர் உண்டு.

கவனியுங்கள்: பெரும்பாலும் ஒரு கடையில் ஒன்றிரண்டு பண்டம்தான். சரக்கு வீணாவது குறையும், கைப்பக்குவம் கூடும், “அந்த அக்கா கடை சம்பல்” என்று பெயர் நிற்கும்.

ஒரு கூரை, பல அடுப்பு

கோப்பிக்கடை முதலாளி தண்ணீர், கோப்பி மட்டும் விற்பார். மற்ற இடத்தைப் பல வியாபாரிகளுக்கு வாடகைக்கு விடுவார். வாடிக்கையாளர் ஒரே மேசையில் உட்கார்ந்து நாலு கடைப் பண்டமும் வாங்கலாம். பக்கத்துக் கடைக்கு வந்த கூட்டம் நமக்கும் வரும்.

சுத்தம்தான் முதல்

2018 அக்டோபரில் கெடா மாநிலம் பாலிங் பகுதியில் ஒரு கடையில் லக்சா சாப்பிட்ட பலருக்கு உடம்பு முடியாமல் போனது. இருவர் இறந்தே போனார்கள். ஒரு வேளைச் சாப்பாடு உயிரையே எடுத்துவிடும், பாருங்கள்.

அந்நாட்டின் 2009-ம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளின்படி, உணவைக் கையாளுகிறவர் பயிற்சி எடுக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும், தலையை மூடி ஏப்ரன் கட்ட வேண்டும். கடை போட நகராட்சி லைசென்சும் வேண்டும்.

நாமும் செய்யக்கூடியவை:

* தேங்காய்ப்பால், தேங்காய்ச் சட்னி சீக்கிரம் கெடும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.
* சமைத்ததைச் சூடாகவே வையுங்கள். வெளியில் ஆறிக் கிடந்தால் 4 மணி நேரத்துக்கு மேல் விற்காதீர்கள்.
* காசு வாங்கிய கையால் உணவைத் தொடாதீர்கள்.

முதலுக்கு என்ன வழி?

அங்கேயும் நம்மைப் போல் குழு உண்டு! வங்கதேச கிராமீன் வங்கி முறையைப் பின்பற்றி 1987-ல் ‘அமானா இக்தியார் மலேசியா’ தொடங்கப்பட்டது. ஏழைப் பெண்கள் 5 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, அடமானம் இல்லாமல் சிறுகடன் பெறலாம். உறுப்பினரை ‘சஹாபாட்’ என்று அழைப்பார்கள். தோழி என்று அர்த்தம்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

நம் ஊரில் எந்த ஒரு பண்டத்துக்கு நாம் பெயர் வாங்கலாம்? ஒரே கூரையின் கீழ் நாலு பேர் சேர்ந்து கடை போட முடியுமா? நம் கடைச் சாப்பாட்டை நம் பிள்ளைக்குப் பயமில்லாமல் ஊட்டுவோமா? மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைப்போம், சகோதரிகளே!