மணாலிக்குப் போகும் மும்பை கார்

சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிர் அடித்த நாள் 1962 ஜனவரி 22. நம் ஊர்களில் விற்கும் சாதாரண கார் டயரின் ரப்பர் இறுகத் தொடங்குவதும் ஏறக்குறைய 7 டிகிரியில்தான். ஆக, மும்பையில் வாங்கி மும்பையிலேயே தேய்ந்து தீரும் ஒரு டயர், தன் ஆயுளில் ஒருநாள்கூடக் குளிரைப் பார்ப்பதில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில்தான் அதற்குச் சோதனை வருகிறது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் செம்பூர், மாட்டுங்கா பக்கமிருந்து சொந்தக் காரிலேயே மணாலிக்குக் கிளம்பிவிடும் குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். தாராவியின் சயான் - பாந்திரா இணைப்புச் சாலையில் இருக்கும் தோல் கடைகளில் ஏறி இறங்கி, பேரம் பேசி, ஆளுக்கொரு ஜாக்கெட் வாங்கிவிடுகிறார்கள். (தோல் காற்றைத்தான் தடுக்கும், உடம்புச் சூட்டைப் பிடித்துவைப்பது உள்ளே போடும் கம்பளியின் இழைகளுக்கு நடுவே சிக்கிக்கிடக்கும் காற்று. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.) காருக்கு என்ன மாட்டிவிடுவது என்று யாரும் யோசிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்புவரை யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. மணாலிக்கு வடக்கே 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோத்தாங் கணவாய் ஆண்டில் பாதி நாள் பனியில் மூடிக்கிடக்கும். பனிக்குள் போக நினைத்தாலும் வழி கிடையாது. 2020 அக்டோபர் 3 அன்று அந்தக் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. லாஹௌல் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது பெரிய வரம். மருத்துவமனைக்குப் போக ஹெலிகாப்டருக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆனால், சமவெளியின் வண்டிகளை நடுக்குளிர்காலத்தில் 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் அதே சுரங்கம்தான். 2024 டிசம்பர் 23 அன்று மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்குக்கும் சுரங்க வாசலுக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. சுமார் 700 பேரைப் போலீஸார் மீட்டார்கள்.

அப்படிச் சிக்கியவர்கள் பெரும்பாலும் குறை சொல்வது விழுகிற பனியை. உண்மையில் புதிதாக விழுந்த பனியில் டயருக்குக் கொஞ்சம் பிடி கிடைக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான். நூற்றுக்கணக்கான சுற்றுலா வண்டிகள் அதன் மேல் ஏறி இறங்க, பனி அழுந்திப் பலகைபோல் கெட்டியாகிறது. மதிய வெயிலில் மேற்பரப்பு உருகி நீராக ஓடுகிறது. மூன்று, நான்கு மணிக்கு மலை நிழல் சாலையில் விழுந்ததும் அந்த நீர் கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. அடியில் இருக்கும் தார் அப்படியே தெரிவதால் ஈரமான சாலை என்றுதான் தோன்றும். இதுதான் ‘பிளாக் ஐஸ்’. காலையில் உற்சாகமாக மேலே போனவர்கள் அதே சாலையில் திரும்பி இறங்குவது இந்த நேரத்தில்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் உராய்வு எண் சுமார் 0.8, பனிக்கட்டியில் 0.1, ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை அழுத்தினால் தார்ச்சாலையில் வண்டி 8 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் 63 மீட்டர் வேண்டும். வேகத்தை 20 ஆகக் குறைத்தால் 16 மீட்டர் போதும். பாதி வேகம், கால்வாசி தூரம்.

இதே 0.1 இன்னொன்றையும் சொல்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில், பனிக்கட்டியின் மேல் எந்த வண்டியும் நிற்காது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும், சக்கரம் நான்கும் பூட்டியிருந்தாலும் சறுக்கிக்கொண்டே இறங்கும். ஓட்டுநர் குதித்துவிட, ஆளில்லாத கார் மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பள்ளத்தை நோக்கிப் போகும் வீடியோக்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றனவே, அவற்றில் பிரேக்கின் பிழை எதுவும் இல்லை. அழுத்திய பிரேக் சக்கரத்தை நிறுத்திவிட்டது. சக்கரத்துக்குச் சாலையைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது? அழுத்தம் கொடுத்தால் பனிக்கட்டி உருகும், அந்த நீரில் வழுக்குகிறது என்று பல காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. கார் விஷயத்தில் இது எடுபடாது. உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி குறைக்கவே 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் தேவை. டயர் தருவது இரண்டு, இரண்டரை. அதனால் குறைவது ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு. மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வேறு யோசனை சொன்னார்: பனிக்கட்டியின் மேற்பரப்பில் எந்த அழுத்தமும் இல்லாமலே திரவம் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. இன்றைய அறிவியல் அவர் பக்கம். மேலே இருக்கும் மூலக்கூறுகளுக்குப் பிணைத்துக்கொள்ள மேலே துணை இல்லாததால் அவை நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் நகர்கின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எஃகுக் குண்டைப் பனிக்கட்டியில் நகர்த்திப் பார்த்தபோது மைனஸ் 7 டிகிரியில் வழுக்கல் உச்சத்தில் இருந்தது. அதைவிடக் குளிர்ந்தால் மேற்பரப்பு மூலக்கூறுகளின் நடமாட்டம் குறைகிறது; பூஜ்ஜியத்தை நெருங்கினால் பனிக்கட்டி இளகிக் குண்டு அதில் பதிகிறது. ரப்பர் டயரைப் பொறுத்தவரை பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப் பனிக்கட்டிதான் மிக மோசம். டிசம்பர் மாலையில் மணாலிக்கு மேலே இருப்பது பெரும்பாலும் அதுதான்.

‘நம்ம வண்டி ஃபோர் பை ஃபோர், கவலை இல்லை’ என்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போனால் ஏற்றத்தில் கிளம்புவது எளிது. ஆனால், எந்தக் காரிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் போகிறது. நிறுத்துவதில் ஃபோர் பை ஃபோருக்குச் சலுகை ஏதும் கிடையாது. மலையேற உதவி, இறங்கும்போது அசட்டுத் துணிச்சல் தருவதால் அது சில நேரம் கேடாகவே முடிகிறது. உண்மையில் உதவுவது சக்கரத்தில் கட்டும் சங்கிலி. அதன் இரும்புக் கண்ணிகள் பனிக்கட்டியைக் கீறிப் பிடிக்கின்றன. இன்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றில் கட்ட வேண்டும். நம் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். பின்சக்கரத்தில் கட்டிக்கொண்டு உறுமிக்கொண்டே நிற்கும் வண்டிகள் அங்கே சாதாரணக் காட்சி. கிளம்பும்போது இரண்டாவது கியர், இறக்கத்தில் பிரேக்குக்குப் பதில் குறைந்த கியர்: உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் இதைப் பெரிய வித்தையாக நினைப்பதில்லை.

டயர் காற்றில் மட்டும் மும்பைக்காரருக்கு இயற்கை ஒரு சலுகை தருகிறது. செம்பூர் பெட்ரோல் பங்கில் 30 டிகிரி வெப்பத்தில் 33 பிஎஸ்ஐ காற்று வைத்துக் கிளம்பினால், மைனஸ் 5 டிகிரியில் காற்று சுருங்கி மீட்டர் 27, 28 காட்ட வேண்டும். ஆனால், 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மீட்டர் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசத்தைத்தான். கணக்குப் போட்டால் 32 வருகிறது! குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ரேடியேட்டருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. மும்பையில் கூலன்ட் குறைந்தால் நடப்பது இதுதான்: கராஜ் பையன் பிஸ்லெரி பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றுவான். “தண்ணியே போதும் சார், இங்க என்ன குளிரா?” நியாயமான பேச்சு. நான்கு முறை இப்படி நடந்தால், ஆரம்பத்தில் பளிச்சென்று பச்சையாக இருந்த திரவம் எலுமிச்சைச் சாறு நிறத்துக்கு வெளுத்துவிடும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாக இருந்தால் கலவை மைனஸ் 37 வரை தாங்கும். வெறும் தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும். உறையும்போது கனஅளவில் 9 சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு இன்ஜின் பிளாக்கைப் பிளக்க அது போதும். இரவு மணாலி ஓட்டல் வாசலில் நிறுத்திய கார், காலையில் கிளப்பிச் சூடேறியதும் அடியில் ஒழுகத் தொடங்கினால் காரணம் அந்த பிஸ்லெரி பாட்டில்தான்.

டீசல் கதை இதைவிடச் சுவாரசியமானது. அது செம்பூருக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. மாஹுலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 1954இலும் மற்றொன்று 1955இலும் அந்நியக் கம்பெனிகளால் தொடங்கப்பட்டவை. இன்று அவை ஹிந்துஸ்தான் பெட்ரோலியமும் பாரத் பெட்ரோலியமும். டீசலில் நேர்ச்சங்கிலி வடிவ ஹைட்ரோகார்பன்கள் இருக்கின்றன. அவை இன்ஜினுக்குள் சட்டென்று பற்றிக்கொள்ளும். டீசலுக்கு நல்ல பெயர் வாங்கித் தருபவை. ஆனால், குளிர்ந்தால் முதலில் மெழுகாகத் திரள்பவையும் அவையே. மார்கழி மாதம் ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்போகுமே, அதே சங்கதி. டீசல் முழுவதும் உறைய வேண்டியதில்லை. மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்தாலே வண்டி படுத்துவிடும். அந்த அடைப்பு வெப்பநிலை கோடைக்கால டீசலில் 18 டிகிரிக்கும் குளிர்கால டீசலில் 6 டிகிரிக்கும் மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சமவெளிக்கு இது தாராளம். இமயமலையில் இரவு மைனஸ் 10 அடிக்கும்போது ‘குளிர்கால டீசல்’ என்ற பெயரால் ஒரு பயனும் இல்லை.

லடாக்கில் லாரிக்காரர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தும், டேங்குக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்தும் காலத்தை ஓட்டினார்கள். டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு! 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில், பானிபட் ஆலையில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய தனி டீசலைத் தயாரித்து லடாக்குக்கு அனுப்பியது. பெட்ரோல் காருக்கு இந்தத் தலைவலி இல்லை. பேட்டரி மட்டும் இரண்டுக்கும் பொது. மைனஸ் 18இல் அதன் கிளப்பும் திறன் ஏறத்தாழப் பாதி.

வண்டி நின்றேவிட்டது, நகர வழியில்லை, ராத்திரி முழுக்கக் காருக்குள்தான் என்றால்? 2022 ஜனவரி 7 இரவு பாகிஸ்தானின் மலை நகரமான முர்ரீயில் அப்படித்தான் ஆனது. பனி பார்க்க வந்த ஆயிரக்கணக்கான கார்கள் சாலையிலேயே புதைந்தன. விடிந்தபோது 20க்கும் மேற்பட்டவர்கள் கார்களுக்குள்ளேயே இறந்துகிடந்தார்கள். எல்லோரையும் கொன்றது குளிர் அல்ல. பலர் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். பனி குவிந்து சைலன்சர் வாய் அடைபட, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்கிறது. தூக்கம் வருவதாகத்தான் தோன்றும். மும்பையில் காற்றோட்டமில்லாத குளியலறையின் கேஸ் கீசர் உயிரெடுப்பதும் இதே வாயுவால்தான். பனியில் சிக்கினால் முதலில் இறங்கிச் சைலன்சரைச் சுற்றியுள்ள பனியைத் தள்ள வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்ட வேண்டும். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கியே வைக்க வேண்டும்.

பனிப் பிரதேசத்திலேயே குடியிருப்பவர்கள் குளிரை வேறுவிதமாகச் சமாளிக்கிறார்கள். 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் குளிர்காலம் வந்தால் வீட்டுக் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துவிடுவார்கள். விட்டுவைத்தால் உறைந்து குழாயைப் பிளக்கும். பிறகு மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீர்தான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பதைத் தாராவிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்கிய தண்ணீரை உறையாமல் பார்த்துக்கொள்வதுதான் லேயின் கூடுதல் வேலை. வெயிலுக்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை. 1988இல் தொடங்கிய செக்மோல் கல்வி அமைப்புக்கு லேக்கு அருகே ஃபே கிராமத்தில் இருக்கும் வளாகத்தில், மண் சுவர்க் கட்டடங்களைத் தெற்கு நோக்கிக் கட்டி, வெயில் கண்ணாடி வழியாக உள்ளே புகுந்து சுவரையும் தரையையும் சூடேற்றும்படி செய்திருக்கிறார்கள். பகலில் சுவர் வாங்கிய சூடு இரவில் அறைக்குள் இறங்குகிறது. பயிருக்கு வேண்டிய ஏப்ரல், மே தண்ணீரைக் குளிர்காலத்திலேயே கூம்பாக உறையவைத்துச் சேமிக்கும், பொறியாளர் சோனம் வாங்சுக்கின் ‘ஐஸ் ஸ்தூபம்’ பிறந்ததும் இந்த வட்டாரத்தில்தான்.

லேக்கு ஸ்ரீநகர் பக்கமிருந்து போகும் வழியில் இருக்கிறது, சுமார் 3,500 மீட்டர் உயர ஸோஜி லா கணவாய். அங்கே பனியில் வண்டி ஓட்டிய கதையில் தென்னாட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு. 1948இல் இந்தியா - பாகிஸ்தான் போரில் கணவாயைப் பாகிஸ்தான் தரப்பினர் பிடித்துவைத்திருந்தபோது, கழுதைகள் போகும் பாதையை டாங்கி ஏறும் சாலையாக மாற்றியது மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படை. நவம்பர் 1 அன்று, பனியும் மூட்டமுமாக இருந்த நாளில், ஜெனரல் திம்மையா அனுப்பிய ஸ்டூவர்ட் டாங்கிகள் மேலேறின. அந்த உயரத்தில் டாங்கியை எதிர்பார்க்காத எதிரிகள் கலைந்து ஓடினார்கள்.

அந்தக் கணவாய் 2023இல் குளிர்காலத்தில் 68 நாள் மட்டுமே மூடிக்கிடந்தது. முன்பெல்லாம் ஐந்து, ஆறு மாதம். இப்போது அதற்கு அடியிலும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுகிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரி 13 அன்றே திறந்தாயிற்று. ஸோஜி லா சுரங்கமும் முடிந்தால் மும்பை பதிவெண் கொண்ட கார் ஜனவரியில் த்ராஸ் போய் நிற்கலாம். இரவில் மைனஸ் 20க்கும் கீழே இறங்கும் ஊர் அது. மணாலியில் எப்படியோ தப்பிவிடும் பாதி வெளுத்த கூலன்ட்டும் சமவெளி டீசலும் அங்கே முதல் இரவைத் தாண்டாது.