தாயின் மனமும் குடலின் நுண்ணுயிர்களும்

பிரசவித்தபின் காரணமின்றிக் கண்ணீர் வருகிறதா? குழந்தை உறங்கியும் உங்களுக்கு உறக்கம் வரவில்லையா? சொந்த ஊரை விட்டு வந்து, பெருநகரின் ஒற்றை அறையில், தாயோ மாமியாரோ அருகில் இன்றிப் பிள்ளை வளர்க்கும் சகோதரிகள் பலர் இதை வெளியே சொல்வதில்லை. சொன்னால் "விசுவாசக் குறைவு" என்று பதில் வருமோ என அஞ்சுகிறார்கள். அந்தப் பதிலை நானும் ஒரு காலத்தில் ஒரு சகோதரிக்குக் கொடுத்தேன் என்பதை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன். மனச்சோர்வு சரீரத்தையும் சார்ந்த வியாதி. நாம் சற்றும் எண்ணாத குடலுக்கும் அதில் பங்கு உண்டா என்று இன்று ஆராய்ந்து வருகிறார்கள்.

நமது குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்னும் பொருளில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டது குடலிலேயே உண்டாகிறது. அது நேரே மூளைக்குள் செல்வதில்லை. எனினும் மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு இவ்விரண்டிற்கும் இடையே செய்தி கொண்டுபோகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவகை லாக்டோபாசில்லஸ் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளின் பதற்றம் குறைந்தது. அந்த நரம்பை அறுத்தபின் அப்பலன் காணப்படவில்லை.

சுண்டெலிக்குச் சரி, தாய்மாருக்கு? நியூசிலாந்தின் ஆக்லாந்து, வெலிங்டன் நகரங்களில் 423 கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லாக்டோபாசில்லஸ் ரம்னோசஸ் என்ற நுண்ணுயிரும், மற்றவர்களுக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 2017-இல் வெளியான முடிவின்படி, நுண்ணுயிர் பெற்றவர்களிடம் பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வும் கவலையும் குறைந்திருந்தன. ஆனால் அவசரப்படாதிருங்கள். அந்த ஆய்வின் முதல் நோக்கம் குழந்தைகளின் எக்சிமா என்னும் தோல் நோயே. மேலும் 2020-இல் வெளியான மற்றோர் ஆக்லாந்து ஆய்வில், உடற்பருமனுள்ள கர்ப்பிணிகளுக்கு நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது மனநிலையில் பலன் தெரியவில்லை.

ஆகையால் விளம்பரத்தை நம்பி விலையுயர்ந்த புரோபயாடிக் டப்பாக்களை வாங்கவேண்டாம். வீட்டுத் தயிரும் மோரும் கீரையும் பயறும் நல்ல ஆகாரமே, தாராளமாய்ப் புசியுங்கள். தயிரில் இருப்பது ஆய்வில் கொடுத்த அதே நுண்ணுயிர் என்று மாத்திரம் எண்ணிவிடாதீர்கள். கணவன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததை உண்பவள் உங்கள் மனைவி என்றால், மாற்றம் அங்கே தொடங்கட்டும்.

சோர்வு இரண்டு வாரங்களைத் தாண்டினால் மருத்துவரிடம் செல்லுங்கள். தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்கவேண்டாம். ஜெபிக்க நாங்கள் வருகிறோம்; ஆஸ்பத்திரிக்கும் உடன் வருகிறோம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.