வாழைப்பழத்தின் வளமும் வரம்பும்

மா, பலா, வாழை ஆகிய முக்கனிகளுள் முன்னிரண்டும் பருவம் பார்த்தே நம் இல்லம் வருவன. வாழையோ ஆண்டு முழுவதும் கிடைப்பது. மாத்தளை மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கும் கொக்கோவுக்கும் அருகே அது தழைத்து நிற்பதைக் காண்கிறோம். எனினும், கைக்கெட்டும் பொருளின் அருமையை நாம் எளிதில் உணர்வதில்லை. உடல் நலத்துக்கு உகந்தது கடல் கடந்து வந்த அப்பிளே எனக் கருதுவோர் நம்மிடையே பலர்.

நூறு கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 90 கலோரி வெப்பச் சக்தியும், 23 கிராம் மாச்சத்தும், 2.6 கிராம் நார்ச்சத்தும், 360 மில்லிகிராம் பொற்றாசியமும் உள்ளன. இனத்துக்கு இனம் இவ்வளவு சிறிது வேறுபடும். அப்பிளில் உள்ளதைப் போல் மூன்று மடங்கு பொற்றாசியம் இதில் உண்டு. உணவில் மிகும் உப்பின் சோடியத்தை உடலினின்று வெளியேற்றி, இரத்த அழுத்தம் ஏறாது காக்க உதவுவது இச்சத்தேயாகும். பி6 விற்றமினும் இதில் உண்டு. ஓடியாடும் சிறுவர்க்கும், தோட்டத்தில் உழைப்போர்க்கும் இது விரைவில் தெம்பு தரும்.

காயிலுள்ள மாப்பொருள் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகின்றது. ஆகவே, நீரிழிவு உடையோர் மிகக் கனிந்த பழத்தைத் தவிர்த்து, சிறிய பழம் ஒன்றுடன் அமைதல் நன்று. வாழைப்பழம் இரத்தத்தை ஊறச் செய்யும் என்பாரும் உளர். ஆனால், அதிலுள்ள இரும்புச்சத்து மிகச் சொற்பமே. இரத்தச் சோகைக்குக் கீரை, பருப்பு, மீன் முதலியவற்றையும் மருத்துவரின் ஆலோசனையையும் நாடுதல் வேண்டும்.

இன்னுமொன்றை நாம் மறத்தலாகாது. வில்கமுவ முதலான இம்மாவட்டத்தின் உலர் வலயப் பகுதிகளில், காரணம் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டி வருகின்றது. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றால் பொற்றாசியம் வெளியேறாது இரத்தத்தில் தேங்கும். இதயத் துடிப்பையே குலைக்கவும் கூடும். அன்போடு நாம் கொண்டு செல்லும் ஒரு சீப்புப் பழம் அந்நோயாளிக்குத் தீங்காய் முடியலாம். சிறுநீரக நோயாளர் அனைவரும் வாழைப்பழத்தை விலக்க வேண்டுமென்பது இதன் பொருளன்று. இரத்தப் பரிசோதனையைக் கண்டு மருத்துவர் கூறும் அளவே அவர்க்குரிய அளவு.

ஏனையோர் நாளொன்றுக்கு ஓரிரு பழங்களை அச்சமின்றி உண்ணலாம். வீட்டுப் புறத்தே ஒரு வாழைக்கன்றையேனும் நட்டு வளர்ப்போமாக. யாருக்கு எவ்வளவு என்பதையும் அறிந்து வழங்குவோமாக.