நாணமும் நலமும்

தோல் தொழிலால் உலகறிந்த நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இளைஞர் பலர் அறியாத நோய் ஒன்றுண்டு. அறிந்தோரும் அதனைப் பெயர் சொல்லிப் பேசக் கூசுவர். ஆண்களின் இனப்பெருக்க உயிரணுக்களில் பிறந்து, பெரும்பாலும் விரையில் தோன்றும் புற்றுநோயே அது. அரிய நோய்தான், எனினும் முதியோரை விட்டு, 15 முதல் 40 வயதுக்குட்பட்டோரையே மிகுதியாகப் பற்றுகிறது.

அரை நூற்றாண்டுக்கு முன், உடலெங்கும் பரவிய நிலையில் இந்நோயுற்றோர் பிழைத்தல் அரிது. 1965இல் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், பிளாட்டினச் சேர்மங்கள் உயிரணுப் பிளவைத் தடுப்பதைக் கண்டார். அவ்வழி வந்த சிஸ்பிளாட்டினை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்து 1974இல் வழங்கினார் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன். நிலைமை தலைகீழாயிற்று. இன்று நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் நலம் பெறுகின்றனர்.

இவ்வகைக் கட்டி அரிதாக விரைக்கு வெளியேயும் தோன்றும். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு அது இரு நுரையீரல்களுக்கிடையே தோன்றியது. 2012இன் தொடக்கத்தில் அதே ஐன்ஹார்னிடம் மருத்துவம் பெற்ற அவர், அவ்வாண்டு செப்டம்பரிலேயே சென்னையில் இந்திய அணிக்காக மீண்டும் ஆடினார்.

வல்லுநர் கூறும் நெறிகள் தெளிவானவை. வலியற்ற கட்டியோ கனமோ தென்பட்டால், அடிபட்ட வீக்கமென்றும் அண்டவாதமென்றும் எண்ணி நாள் கடத்தலாகாது. ஒலியலைப் படமும் குருதிச் சோதனையும் ஐயம் தீர்க்கும். விரைப்பையில் ஊசி செலுத்திச் சதை எடுத்தல் கூடாது. நோய் பரவ அது வழிவகுக்கலாம். தொடை இடுக்கின் வழியாகவே அறுவை செய்தல் வேண்டும். மணமாகாதோர் மருந்தேற்றத்திற்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைத்தல் நன்று. 21 நாளுக்கொரு சுற்றாக ஏற்றும் மருந்தை, உடல் சற்றுத் தேறியதும் நிறுத்துவதோ தள்ளிப்போடுவதோ ஆபத்து. ஒரு விரை நீங்கினும் ஆண்மை குன்றாது. தந்தையாதலும் பெரும்பாலோர்க்கு இயலும்.

நம் தொழிலுக்கும் இதில் ஒரு பாடமுண்டு. 1980களில் நியூயார்க் மாநிலத் தோல் ஆலை ஒன்றில் பணிபுரிந்த மூவருக்கு இந்நோய் கண்டது. அங்குக் கையாண்ட டைமெத்தில் பார்மமைடு என்னும் கரைப்பான்மீது ஐயம் எழுந்தது. அதுவே காரணமென்பது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் கரைப்பான்களிடையே உழைப்போர்க்குக் கையுறையும் காற்றோட்டமும் அளிப்பது ஆலை உரிமையாளர் கடமையன்றோ?

ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணி, இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாய் ஓங்கி நிற்கிறது. தொலைதூர மாநிலத்தாரெல்லாம் தேடிவரும் மருத்துவம் நம் வாசலில் இருக்க, நாம் வாய் திறவாமல் இருப்பதோ?

நாணம் நம் மார்க்கம் போற்றும் பண்பு. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. மகனோ மாணவனோ தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, பெரியோர்களாகிய நாம் முகம் சுளியாது செவிசாய்ப்போம். அந்த ஒரு கணத்தில் ஓர் உயிர் காக்கப்படலாம்.