கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டால் போதுமா?



2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெங்களூரின் பெட்டிக்கடைகளிலும் பேக்கரிகளிலும் 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அறிவிப்புகள் தொங்கின. கர்நாடக வணிகவரித் துறை, 2021-22 முதல் கைபேசி வழியாகக் கடைக்காரர்கள் பெற்ற பணத்தைக் கணக்கிட்டு, ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதிருந்தவர்களுக்கு நோட்டீசு அனுப்பியதே காரணம். ஹாவேரியில் காய்கறி வியாபாரி ஒருவருக்கு 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீசு வந்தது. பச்சைக் காய்கறிக்கோ வரியே கிடையாது!

அத்திபெலேயில் சிறுகடை வைத்துப் பிழைக்கும் நம் விசுவாசிகள் இதைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும், தேநீர்க் கடை போன்ற சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு அவசியம். 40 லட்சம் என்றவுடன் செல்வந்தர் என்று எண்ணிவிடாதீர்கள். நாளொன்றுக்கு 11,000 ரூபாய்க்கு விற்கும் மளிகைக் கடை ஓராண்டில் அந்த எல்லையைக் கடந்துவிடும். நூற்றுக்குப் பத்து ரூபாய் நின்றால் மாதம் 33,000 ரூபாய். அதில்தான் கடை வாடகையும் மின்கட்டணமும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும். மேலும், அதே கைபேசிக் கணக்கில் சீட்டுப் பணமும், கைமாற்றும், ஊரிலிருந்து தம்பி அனுப்பியதும் வந்து சேருகின்றன. இயந்திரம் இவற்றைப் பிரித்தறியாது. கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வரியைவிட இந்த நிரூபிக்கும் பாரமே எளியவனை நசுக்குகிறது.

2025 ஜூலை 23 அன்று முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளைச் சந்தித்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஆறுதலான வார்த்தைதான். ஆயினும் நோட்டீசு பெற்றவர் பதில் எழுதாமல் இருந்துவிடலாகாது.

அட்டையைக் கழற்றி ரொக்கத்துக்குத் திரும்புவது விடையாகுமா? விற்பனையைக் கணக்கில் கொள்ளும் சட்டம் ரொக்கத்தையும் சேர்த்தே கொள்கிறது. மறைப்பது தேவபிள்ளைக்குத் தகாது. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், தாம் செலுத்தக் கடமைப்படாத தேவாலய வரியையும் பிறருக்கு இடறலாகாதபடி செலுத்தினார். அதேவேளையில் லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகன் ஆயக்காரரைப் பார்த்து, விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்கலாகாது என்று எச்சரித்தான். இவ்விரண்டையும் சேர்த்தே பிரசங்கிக்க வேண்டும். கொடுக்கிறவனுக்கு மாத்திரம் உபதேசம் செய்வது பாதிச் சத்தியம்.

இணக்க வரித் திட்டம் என்று ஒன்றுண்டு. ஒன்றரைக் கோடி வரை விற்கும் வியாபாரி, வரிக்குரிய விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் செலுத்தினால் போதும். உணவகத்துக்கு ஐந்து ரூபாய். இதை வாடிக்கையாளரிடம் தனியே வசூலிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்தி, ஆண்டுக்கு ஒரு கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் ஏதுமில்லை. தரகர் கேட்பது அவருடைய கூலியே.

நம் எல்லையோர ஊருக்கு மாத்திரம் ஒரு விசேஷக் கண்ணி இருக்கிறது. ஓசூர்க்காரர் அத்திபெலேக் கடைக்கு வந்து வாங்கிச் சென்றால் சிக்கலில்லை. ஆனால் வரிக்குரிய சரக்கை வண்டியில் ஏற்றி ஓசூர்க் கடைக்கு விற்று அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அப்போது 40 லட்ச வரம்பு உதவாது, பதிவு கட்டாயம். இணக்க வரித் திட்டத்திலும் சேர இயலாது. மூன்று கிலோமீட்டரா முந்நூறு கிலோமீட்டரா என்று சட்டம் கேட்பதில்லை.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. சபைக் காணிக்கையைப் போதகரின் சொந்தக் கணக்கு அட்டையில் வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சபையின் பெயரில் கணக்குத் திறப்பது நலம். நாளை கேள்வி வந்தால் எது காணிக்கை, எது கைச்செலவு என்று யார் பிரித்துச் சொல்வது?

நோட்டீசு தமிழில் வருவதில்லை. நம் சபைகளிலோ கன்னட வழியில் படித்த பிள்ளைகளும் பி.காம். முடித்த வாலிபரும் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப்பின் ஒரு மணி நேரம் மேசை போட்டு உட்கார்ந்து, கடைக்காரச் சகோதரரின் காகிதங்களை அவர்கள் வாசித்துச் சொல்லலாமே. முதலில் கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று திறக்கச் சொல்லட்டும்.