அரங்கு பல, முகம் ஒன்று

மட்டக்களப்பு என்றதும் "மீன்பாடும் தேன்நாடு" என்னும் தொடர் தமிழர் நாவில் தானே எழுகின்றது. நிலவுக் காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தருகே வாவியினின்று எழும் இன்னொலியைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். நேரிற் கேட்டோர் சிலர். எனினும், பாட்டிலும் மேடையிலும் பத்திரிகையிலும் இடையறாது அத்தொடர் வழங்கிவந்தமையால், வாவியைக் காணாதார் உள்ளத்திலும் அந்நாடு இடம்பெற்றுவிட்டது. ஊருக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்துவதே.

இன்று நம் மாணவர் பலர் முகநூலில் ஒரு பெயரோடும், இன்ஸ்டகிராமில் ஒரு புனைபெயரோடும், யூடியூபில் மற்றொரு பெயரோடும் உலவுகின்றனர். தொழில் தருவோரும் புலமைப்பரிசில் வழங்குவோரும் விண்ணப்பத்தைப் படித்ததோடு அமையாது, இணையத்திலும் பெயரைத் தேடிப்பார்க்கும் காலம் இது. தேடுவோர் முன் ஒரே மனிதர் மூன்று அரைகுறை உருவங்களாக வந்து நின்றால், எவ்வுருவை நம்புவது? "தனிமுத்திரை" என்று இக்காலத்தார் கூறுவது, எந்த இடத்திற் கண்டாலும் "இவர் இன்னார்" என்று பிறர் ஐயமின்றி அறியும் நிலையையே ஆகும். அந்நிலைக்கு வழிகாட்டியைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. வாவிக்கரை நாட்டிலேயே ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கின்றார்.

காரைதீவு தந்த பெரியார்

கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனாரே பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். 1916ஆம் ஆண்டில் அவர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராய் அமர்ந்தார். 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924இல் துறவறம் பூண்டார். "இராமகிருஷ்ண விஜயம்" என்னும் தமிழ்ச் சஞ்சிகைக்கும், "வேதாந்த கேசரி" என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கும் ஆசிரியராய் விளங்கினார். கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். இடையில் இமயச் சாரலிலுள்ள மாயாவதியிற் "பிரபுத்த பாரத" இதழை நடத்தினார்.

வகுப்பறை, மடம், சஞ்சிகை, பல்கலைக்கழகம், பொதுமேடை என எத்தனை அரங்குகள்! அவர் புகழை நாடியவர் அல்லர். ஆயினும் எவ்வரங்கிற் கண்டோரும் அவரை ஒரே மனிதராகவே கண்டனர்.

ஒருமை எதனால் வந்தது?

எல்லா இடத்திலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னதால் வந்ததன்று. ஆங்கில இதழைப் படிப்பவர்க்கு ஏற்றது ஒன்று; தமிழ் வகுப்பில் அமர்ந்திருப்பவர்க்கு ஏற்றது வேறொன்று. சொல்லும் முறை மாறியது, நோக்கம் மாறவில்லை. பழந்தமிழ்ப் புலமையும் புத்துலக அறிவும் ஒன்றையொன்று தழுவி வளர வேண்டும் என்பதே அந்நோக்கம். "மதங்க சூளாமணி" என்னும் நூலிற் சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு வைத்து ஆராய்ந்தார். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச்சொல் காண வழிசெய்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரங்கேறிய "யாழ்நூல்" பழைய யாழின் சுருதிகளைக் கணித முறையால் ஆராய்வது. விஞ்ஞான ஆசிரியரும் பண்டிதரும் அந்நூலில் ஒருவராகவே நிற்கின்றனர். அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

அவருக்கும் பெயர் மாறியதுண்டு. மயில்வாகனனார் பிரம்மசரிய நிலையிற் பிரபோத சைதன்யர் ஆனார். துறவு பூண்டபின் விபுலாநந்தர் ஆனார். காரணத்தோடு வந்த மாற்றங்கள் அவை. ஒரே காலத்தில் இடத்துக்கு ஒரு பெயர் சூடியதன்று.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, பெயர். தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போதே குழப்பம் தொடங்குகின்றது. "கல்லடி" என்பதன் ஈற்றை ஒருவர் "ஐ" என்னும் எழுத்தாலும், மற்றொருவர் "வை" என்னும் எழுத்தாலும் முடிக்கின்றனர். தந்தை பெயர் முன்னே வருவதா, பின்னே வருவதா, முதலெழுத்து மட்டும் போதுமா என்பதும் அவ்வாறே. சான்றிதழில் உள்ள வடிவத்தையே எல்லாத் தளங்களிலும் கொள்ளுதல் நன்று. ஒரே தெளிவான படமும், "யான் இன்ன துறையில் இன்னது செய்கின்றேன்" என்னும் ஒரே அறிமுக வரியும் அதனோடு அமைதல் வேண்டும்.

இரண்டாவது, பொருள். வாவிக்கரைக் கண்டல் தாவரங்களை ஆராயும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். இன்ஸ்டகிராமில் அவள் இலையையும் வேரையும் படமாக இடலாம். யூடியூபில் அவற்றின் பயனை விளக்கலாம். முகநூலில் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டறியலாம். லிங்க்ட்இன்னிற் கல்வியையும் பயிற்சியையும் எழுதலாம். நான்கும் நான்கு விதம், பொருள் ஒன்றே. நான்கையும் பேண நேரமில்லையாயின் இரண்டே போதும். பாழடைந்த கணக்கு பூட்டிய கடையை ஒக்கும்.

மூன்றாவது, ஒழுக்கம். சொந்தப் பெயரில் இன்சொல்லும், மறைபெயரில் வசைச்சொல்லும் வழங்குவோர் உளர். மறைபெயர் வெளிப்படும் நாளில், பல்லாண்டு தேடிய நம்பிக்கை ஒரு பொழுதில் அழிந்துபோகும். அதற்காக எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டவேண்டும் என்பதில்லை. வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், குடும்பச் செய்திகள் ஆகியவற்றை மறைத்துக் காப்பது பொய்ம்மை ஆகாது, அஃது அறிவுடைமையே.

பெற்றோர்களே! இன்று மாலை உங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்தம் பெயரை இணையத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வந்து நிற்பவர் உங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைதானா என்று நோக்குங்கள். வேறு எவரோ போலத் தோன்றுமாயின், திருத்துதற்கு இன்றே நல்ல நாள்.