வைக்கோற்போர்ப் பூனைகள்: விரட்டுவதைவிடக் கருத்தடையே மேல்

புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் என்பதால் திருப்பாதிரிப்புலியூருக்குப் புலியூர் என்ற பெயர் வந்ததாகச் சொல்வர். இன்று கெடிலக் கரைக் கிராமங்களில் விவசாயிகளுக்குத் தலைவலியாக இருப்பது புலியின் சிறிய உறவான பூனைதான். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வைக்கோற்போர் போட்டதும், யாரும் வளர்க்காத பெட்டைப் பூனைகள் அதில் புகுந்து குட்டி போடுகின்றன. ஒரு மாதத்தில் கோழிக்குஞ்சுகள் குறையத் தொடங்கும். பொறுமை இழந்தவர்கள் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டும் இதே கதைதான்.

விரட்டினால் தீராதது ஏன்?

பெட்டைப் பூனை நான்கு முதல் ஆறு மாத வயதிலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு, சில சமயம் மூன்று ஈற்று. ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். குட்டிகளில் பல இறந்துபோனாலும், எஞ்சும் பெட்டைகள் அடுத்த ஆண்டுக்குள் தாமும் ஈன்றுவிடும்.

ஓரிடத்தில் எலியும் எச்சில் சோறும் மறைவிடமும் இருக்கும்வரை, அங்குள்ள பூனைகளை அகற்றினால் அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து நிரப்பிவிடும். வேற்றூரில் கொண்டுபோய் விட்ட பூனை பட்டினியால் சாகும். அல்லது நாய்களிடம் சிக்கும். விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

மேலும், பத்தாயத்தையும் விதைநெல்லையும் சுற்றும் எலிகளைப் பிடிப்பதும் இதே பூனைகள்தான். எனவே பூனையே வேண்டாம் என்பது நம் நோக்கமன்று. இருப்பவை பெருகாமலும் நோயில்லாமலும் இருந்தால் போதும்.

நாய்களில் கண்ட வழி

இதற்கு முன்னோடி நம் மாநிலத்திலேயே உண்டு. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையைச் சென்னையில் இந்தியப் புளூ கிராஸ் 1964இல் தொடங்கியது. 1996இல் சென்னை மாநகராட்சியும் இம்முறையை ஏற்றது. 2001இல் நாய்க் கருத்தடை விதிகள் நாடு முழுவதற்கும் வந்தன. 2023இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பல நாடுகளில் உரிமையாளரில்லாப் பூனைகளுக்கும் இதே முறையே கையாளப்படுகிறது.

கூண்டு

எலிக்கூண்டு பூனைக்குப் போதாது. சுமார் 75 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள கம்பிவலைக் கூண்டு தேவை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். கதவு மேலிருந்து விழும்படி அமைத்து, கயிற்றைத் தொலைவிலிருந்து இழுத்து மூடும் ஏற்பாடே நல்லது. வேண்டிய பூனை உள்ளே போனபின் இழுத்தால் போதும். சுருக்குக் கண்ணியும் பல்லுள்ள இடுக்கிப் பொறியும் கூடவே கூடா. அவை காலை ஒடித்துவிடும்.

பிடிக்கும் முறை

முதலில் கால்நடை மருத்துவமனையில் பேசி, பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யும் வசதியையும் நாளையும் உறுதி செய்துகொள்ளவும். பிறகு கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. ஒரு வாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உணவு வைக்கவும். கடைசி மூன்று நான்கு நாட்கள் கதவைத் திறந்தபடி கட்டிய கூண்டுக்குள் வைக்கவும்.
2. பிடிப்பதற்கு முதல் நாள் உணவை நிறுத்தவும், தண்ணீர் இருக்கட்டும். பிடிக்கும் நாளில் வாடை மிக்க மத்தி மீன் ஒரு துண்டு போதும்.
3. கூண்டின் அடியில் சாக்கு விரித்து நிழலில் வைக்கவும். வைத்த கூண்டை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் சிக்கிய பூனை விரைவில் இறந்துவிடும்.
4. கதவு விழுந்ததும் கூண்டு முழுவதையும் கனத்த துணியால் மூடவும். இருட்டில் பூனை அடங்கிவிடும். எக்காரணம் கொண்டும் கையை உள்ளே விடக் கூடாது.

பெட்டையின் மடி பெருத்து, காம்பில் பால் இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன என்று பொருள். அதை விடுவித்து, குட்டிகள் பால் மறந்தபின் பிடிக்கவும். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டிகளைக் கையால் பழக்கி வளர்க்க முடியும். வளர்ந்த காட்டுத்தனமான பூனையை வீட்டுப் பூனையாக்க முயல வேண்டாம்.

கரும்பு வெட்டும்போதோ கூண்டிலோ காட்டுப்பூனை தென்படலாம். நீண்ட கால்கள், கோடற்ற பழுப்பு உடல், நுனியில் கருவளையமுள்ள குட்டை வால் ஆகியவை அதன் அடையாளம். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கூண்டைத் திறந்து விட்டுவிடவும். கரும்புத் தோட்டத்தில் அதன் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகினால் தாய் வந்து தூக்கிச் செல்லும்.

அறுவைக்குப் பின்

மயக்கத்திலிருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியைச் சிறிது வெட்டி அடையாளமிடச் சொல்லவும். அதே பூனையை மறுபடி பிடித்து அலைய வேண்டியதில்லை. அன்றிரவு காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத அறையில் கூண்டோடு வைக்கவும். நன்கு விழித்தபின் கொஞ்சம் உணவு கொடுக்கலாம். கடுவனை ஒரு நாளிலும், பெட்டையை இரண்டு நாளிலும், மருத்துவர் சரியென்றபின், பிடித்த இடத்திலேயே விடவும். இரத்தக் கசிவோ சோர்வோ இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவும். வலிக்கென்று பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம்.

ஒன்றிரண்டை மட்டும் செய்து நிறுத்தினால் பயனில்லை. பெட்டைகளை முதலில் முடிக்கவும். தெருவிலுள்ள நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே கூண்டைப் பயன்படுத்தினால் செலவும் குறையும்.

கவனிக்க வேண்டியவை

கோழிக்குஞ்சுகளை இரண்டு மாதம்வரை பஞ்சாரத்தில் காக்கவும். பூனை எச்சத்தால் பரவும் டாக்சோபிளாஸ்மா நோய் ஆடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும். ஆகவே தீவனத்தை மூடி வைக்கவும். கர்ப்பிணிகள் பூனை எச்சத்தை அள்ளக் கூடாது.

புரோமோடயலோன் தின்று செத்த எலியைத் தின்றால் பூனையும் சாகும். செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கிப் புதைக்கவும். வீட்டருகே எலிப்பொறியும், வயலில் தஞ்சாவூர்க் கிட்டியும் பூனைக்குத் துணையாகட்டும்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. வெறிநோய் கண்டபின் காப்பாற்ற வழியில்லை.

இந்தத் தை மாதம் போர் போடும் முன்பே களத்துப் பெட்டைகளுக்குக் கருத்தடை முடித்துவிட்டால், மாசியில் சாக்குத் தேட வேண்டியிராது. விதைநெல்லைக் காக்கும் பூனை களத்தில் இருக்கும். அதன் குட்டிகளைக் கொண்டுபோய்விடும் பாவம் நம்மைச் சேராது.